நெருப்பின் கடன்

மஃரிபுத் தொழுகைக்குப் பின் மாணவர் சிலருக்குப் பிக்ஹுப் பாடம் நடத்துவது நெய்வேலியில் என் நெடுநாள் வழக்கம். அண்மையில் ஒரு மாலை, ஜகாத்துப் பாடத்தில் கனிமங்களைப் பற்றிய பகுதியை ஓதிக்கொண்டிருந்தோம். மண்ணுக்குள் இறைவன் படைத்துவைத்த கனிமத்துக்கு 'மஃதின்' என்று பெயர்; முன்னோர் புதைத்துவிட்டு மறைந்த புதையலுக்குக் 'கன்ஸ்' என்று பெயர்; இவ்விரண்டையும் சேர்த்து 'ரிகாஸ்' என்பது ஹனபி இமாம்களின் வழக்கு என்று விளக்கினேன். நெருப்பிலிட்டால் உருகும் பொன், வெள்ளி, இரும்பு, செம்பு போன்றவற்றில் ஐந்திலொரு பங்கு பொதுநிதிக்கு உரியது. உருகாத கல் வகைகளில் அப்பங்கு இல்லை என்பது நம் மத்ஹபின் தீர்ப்பு. ஷாஃபி மத்ஹபிலோ பொன்னுக்கும் வெள்ளிக்கும் மட்டுமே ஜகாத்து. ஹன்பலி மத்ஹபு எல்லாக் கனிமங்களிலும் கடமை உண்டென்று கூறும்.

பாடத்தைக் கூர்ந்து கேட்டுக்கொண்டிருந்த மாணவர் ஒருவர், "அப்படியானால் ஹஜ்ரத், நம் ஊர்ப் பழுப்பு நிலக்கரியில் யாருக்கும் எந்தப் பங்கும் இல்லையா?" என்று கேட்டார். கிதாபில் உள்ளபடியே, "அது உருகாத பொருள்; ஐந்திலொன்று அதில் இல்லை" என்றேன். அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு தலைக்குமேல் எரிந்துகொண்டிருந்த குழல்விளக்கைக் காட்டி, "இந்த விளக்கு அந்தக் கரியில்தானே எரிகிறது? நிலத்தைக் கொடுத்தவர் ஒருவர். தோண்டி எடுத்தவர் ஒருவர். வெளிச்சத்தில் உட்கார்ந்து ஓதுகிறவர்கள் நாம். இதில் கடன்பட்டவர் யார், ஹஜ்ரத்?" என்றார்.

அன்று நான் அவருக்கு விடை சொல்லவில்லை. நாளை பார்ப்போம் என்று கிதாபை மூடினேன். ஜகாத்தின் சட்டம் முடிந்த இடத்தில் மனிதனின் கடமையும் முடிந்துவிடுகிறதா என்னும் பெரிய வினா அந்தச் சிறிய வினாவுக்குள் இருந்தது. அதைப் பற்றி எண்ணியவற்றையே இங்கு எழுதுகிறேன்.

நெய்வேலியின் கதை தண்ணீர் தேடியதில் தொடங்கியது. 1930களின் நடுப்பகுதியில் ஜம்புலிங்க முதலியார் என்னும் நிலக்கிழார் தம் நிலத்தில் ஆழ்துளைக் கிணறு இறக்கியபோது, பீறிட்ட நீரோடு கருநிறத் துகள்களும் வெளிவந்தன. அவர் அதை அரசின் பார்வைக்குக் கொண்டுசென்றார். பின்னர்த் தமக்குரிய நிலத்தில் 600 ஏக்கருக்கு மேல் அவர் வழங்கினார் என்று இவ்வூரில் சொல்லப்பட்டு வருகிறது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையினர் 1940களில் இங்கே துளையிட்டு ஆராய்ந்தனர். 1956 நவம்பரில் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றியது. 1957 மே மாதம் பண்டித ஜவாஹர்லால் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961 ஆகஸ்டில் கரிப் படுகை வெளிச்சத்தைக் கண்டது. மறு ஆண்டு மின்சாரம் பிறந்தது.

இப்பணியில் பன்னாடுகளின் கை இருந்தது. சுரங்கம் தோண்டுதல் இயலுமா என்று ஆராய்ந்து சொன்னது பிரிட்டிஷ் ஆலோசனை நிறுவனம். சக்கரத்தைச் சுற்றி வாளிகள் பொருத்திய இராட்சத மண்வாரி எந்திரங்கள் மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்தன. அனல்மின் நிலையம் சோவியத் நாட்டின் உதவியோடு எழுந்தது. நெய்வேலியில் கரிப் படுகை கண்ணில்பட்ட அதே 1961 ஆகஸ்டில்தான் பெர்லின் நகரின் நடுவே மதில் எழும்பியது. அங்கே மதிலுக்கு இருபுறமும் நின்ற இரு முகாம்களும் இங்கே ஒரே குழியின் ஓரத்தில் நமக்குத் துணை நின்றன. இது நன்றியுடன் நினைக்கத்தக்கதே. ஆயினும் அந்நாளைய ஒத்துழைப்பு எந்திரங்களைப் பற்றியது. இடம்பெயர்ந்த மனிதரைப் பற்றியதாக அது இன்னும் வளர்ந்திருக்கவில்லை.

பழுப்பு நிலக்கரியின் இயல்பையும் வாசகர் அறிந்துகொள்ளல் நலம். பண்டைக் காடுகள் மண்ணுள் புதைந்து, கோடிக்கணக்கான ஆண்டுகள் அழுந்தி உருவான பொருள் அது. எடையில் ஏறத்தாழப் பாதி ஈரம். ஆகவே நெடுந்தொலைவு கொண்டுசெல்வதில் பயனில்லை. எடுத்த இடத்தருகே எரித்தாக வேண்டும். ஒரு டன் கரியைப் பெற, அதனினும் பன்மடங்கு மேல்மண்ணை அகற்ற வேண்டும். கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீரை இரவும் பகலும் இறைத்துக்கொண்டிருக்க வேண்டும். ஒரு வேளை நிறுத்தினாலும் நீர் சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு மேலெழும். இறைத்த நீரில் ஒரு பகுதி வாலாஜா ஏரி போன்ற நீர்நிலைகளைச் சென்றடைந்து வயல்களுக்குப் பாய்கிறது. இன்னொரு புறம், சுற்றூர்க் கிணறுகளின் நீர்மட்டம் கீழிறங்கிவிட்டது என்பது உழவரின் நீண்டகாலக் குறை. ஒரே நீர் ஓரிடத்தில் வரவாகவும் வேறிடத்தில் செலவாகவும் எழுதப்படுகிறது.

இங்கே நடுநிலை வேண்டும். நெய்வேலி தந்த நன்மைகளை மறுப்பவன் நன்றி கொன்றவனாவான். தமிழகத்துப் பம்புசெட்டுகளையும் தறிகளையும் ஆலைகளையும் ஓட்டியது இந்த மின்சாரம். கேரளம், கர்நாடகம், ஆந்திரம், புதுச்சேரி ஆகியவற்றின் விளக்குகளிலும் இதன் ஒளி உண்டு. முந்திரியும் பலாவும் விளைந்த செம்மண் பரப்பில் நேர்கோடாகச் சாலைகளும் நிழல்மரங்களும் பள்ளிகளும் மருத்துவமனையும் கொண்ட ஒரு நகரியம் எழுந்தது. எல்லாச் சமயத்தாரும் அண்டை வீட்டாராய் வாழப் பழகிய ஊர் இது. நானும் என் பிள்ளைகளும் இதன் பயனை அனுபவித்தவர்கள். மாணவரின் வினா என்னைத் தைத்ததற்கு அதுவே காரணம்.

இனி, நம் முன்னோர் இப்பொருளை எவ்வாறு நோக்கினர் என்று காண்போம். நீர், புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் மக்கள் யாவரும் கூட்டாளிகள் என்னும் கருத்துடைய நபிமொழி அறிஞரிடையே பெயர்பெற்றது. பாலைவனத்தில் ஒருவன் மூட்டிய தீயில் இன்னொருவன் குளிர்காயவும் கொள்ளி பற்றவைக்கவும் உரிமையுண்டு என்பது அதற்குச் சொல்லப்படும் நேர்ப்பொருள். நெய்வேலியை அடுத்த வடலூரில் 1867இல் வள்ளலார் இராமலிங்க அடிகள் பசித்தோர்க்காக மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையவில்லை. நெருப்பு பொதுவுடைமை என்பதற்கு அதைவிட அருகில் உள்ள சான்று நமக்கு வேண்டியதில்லை. சுரங்கத்தில் உறங்கும் கரியும் நெருப்பே என்றால், அதில் நாட்டார் அனைவருக்கும் பங்குண்டு. ஆயின், கூட்டாளி என்பவன் வரவில் மட்டும் பங்குடையவனா? செலவிலும் பங்கேற்பவனுக்கே அப்பெயர் பொருந்தும்.

இன்னொரு வரலாறும் இங்கு நினைக்கத்தக்கது. எமன் நாட்டைச் சேர்ந்த அப்யள் இப்னு ஹம்மால் (ரலி) என்னும் தோழர், மஅரிபு என்னுமிடத்து உப்புப் படுகையைத் தமக்கு ஒதுக்கித் தருமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வேண்டினார். நாயகம் (ஸல்) இசைந்தார்கள். அவர் திரும்பிச் சென்றதும், அவையிலிருந்த ஒருவர், அது வற்றாத ஊற்றைப் போன்றது, எவரும் எளிதில் அள்ளக்கூடியது என்று எடுத்துரைத்தார். உடனே நாயகம் (ஸல்) அந்த ஒதுக்கீட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். மக்கள் பொதுவில் அனுபவிக்கும் கனிமத்தை ஒருவருக்கு உடைமையாக்கலாகாது என்று சட்ட அறிஞர்கள் இதிலிருந்து தீர்ப்பெடுத்தனர். எனக்கு இதில் இன்னொரு பாடமும் தோன்றுகிறது. வழங்கப்பட்டுவிட்ட ஒன்றைக்கூட, உண்மை நிலை தெரியவந்தபோது மீளாய்வு செய்வது ஆட்சிக்கு இழுக்கன்று. கையெழுத்தாகிவிட்டது, இனிப் பேசுவதற்கு ஒன்றுமில்லை என்னும் வாதம் அந்த அவையில் எழவில்லை.

"நிலத்துக்கு விலை கொடுத்தாயிற்று, கணக்கு முடிந்தது" என்பாரும் உளர். இவ்வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. விலை கொடுத்து வாங்கியவன் உரிமையாளனாகிறான் என்பது ஷரீஅத்தின் விதியும் ஆகும். ஆனால் அவ்விதிக்கு அடித்தளம், விற்பவனின் மனவிருப்பம். பொதுநலனுக்காகச் சட்டத்தின் வலிமையால் எடுக்கப்படும் நிலத்தில் அவ்விருப்பம் எவ்வளவு இருக்கிறது? மதீனாப் பள்ளிவாசலை விரிவாக்க எண்ணிய கலீபா உமர் (ரலி), அருகிலிருந்த அப்பாஸ் (ரலி) அவர்களின் வீட்டைக் கேட்டார்கள். அவர் மறுத்தார். வழக்கு உபை இப்னு கஅபு (ரலி) முன் சென்றது. தீர்ப்பு கலீபாவுக்கு எதிராக அமைந்தது. கலீபா பணிந்தார்கள். அதன் பிறகே, அப்பாஸ் (ரலி) தாமாக முன்வந்து அவ்விடத்தை முஸ்லிம்களுக்கு அறமாக வழங்கினார் என்று வரலாற்றாசிரியர் எழுதுகின்றனர். பள்ளிவாசலைவிடப் பொதுநலமான காரணம் ஏது? அதற்கும்கூட, வேண்டாம் என்று சொல்லும் உரிமை முதலில் ஒப்புக்கொள்ளப்பட்டது.

2023 ஜூலை இறுதியில், சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவிப் பகுதியில் பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்டுவதற்காக, பயிர் நின்ற வயல்களுக்குள் மண்வாரி எந்திரங்கள் இறங்கின. அந்நிலங்கள் பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டவை என்றும், விதைக்க வேண்டாமென முன்னரே அறிவிக்கப்பட்டதென்றும், கால்வாய் தாமதமானால் சுரங்கத்துக்குள் வெள்ளம் புகும் அபாயம் உண்டென்றும் நிறுவனத் தரப்பு கூறியது. பயிரை அறுக்கும்வரை பொறுத்திருக்கலாகாதா என்று உழவர் கேட்டனர். சென்னை உயர்நீதிமன்றம், அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு வழங்கப் பணித்தது. இந்த வழக்கின் சட்டநுணுக்கங்களைப் பேசுவது என் வேலையன்று. நம் பிக்ஹு நூல்கள் பயிரை எப்படிக் கருதின என்பதை மட்டும் சொல்கிறேன். நிலத்தை விற்றாலும், தனியே பேசிச் சேர்க்காதவரை, அதில் நிற்கும் பயிர் விதைத்தவனுக்கே உரியது. குத்தகைக் காலம் முடிந்தபோது பயிர் முற்றாமல் நின்றால், அது முற்றும்வரை நிலத்தை அவனிடமே விட்டுவைத்து, அக்காலத்துக்கு உரிய வழக்கமான வாடகையை உடைமையாளன் பெற்றுக்கொள்ள வேண்டும் என்கின்றனர் ஹனபி அறிஞர்கள். பச்சைப் பயிருக்கு முன்னால் உரிமையாளனின் அவசரம் சற்றுக் காத்திருக்க வேண்டும் என்பதே இதன் கருத்து.

இனி நம் காலத்துப் புதிய நிலைக்கு வருவோம். 1962இல் ஒளிதரத் தொடங்கிய முதல் அனல்மின் நிலையம் 2020இல் ஓய்வு பெற்றது. நெய்வேலி நிறுவனம் 2016இல் தன் பெயரையே 'என்.எல்.சி. இந்தியா' என்று மாற்றிக்கொண்டது. தமிழகத்தின் தென்மாவட்டங்களில் சூரியமின் நிலையங்களை நிறுவி, நாட்டின் பொதுத்துறை நிறுவனங்களில் 1,000 மெகாவாட் சூரியமின் திறனை முதலில் எட்டியது என்னும் பெயரையும் பெற்றது. நிகரக் கரிம வெளியேற்றத்தை 2070க்குள் இல்லாமற் செய்வோம் என்று 2021இல் கிளாஸ்கோ மாநாட்டில் இந்தியா அறிவித்தது. மறுபுறம், ஓய்வுபெற்ற நிலையத்துக்கு ஈடாக 1,000 மெகாவாட் திறனுள்ள புதிய நிலையம் பழுப்பு நிலக்கரியில்தான் இயங்குகிறது. எனவே, கரியை விட்டுவிட்டோம் என்று சொல்லும் நாள் இன்னும் வரவில்லை. வரும் என்பது மட்டும் உறுதி.

அந்நாள் வரும்போது நம் கடன் தீர்ந்துவிடுமா? வெயிலுக்குச் சொந்தக்காரர் இல்லை, வெயில் எவர் நிலத்தையும் பறிப்பதில்லை, ஆகவே இனி நம் விளக்கு பாவமற்றது என்று எண்ணத் தோன்றும். ஆனால் வெயிலைப் பிடித்துவைக்கும் கருவிகள் வானத்திலிருந்து இறங்குவதில்லை. மின்கம்பிக்குச் செம்பு வேண்டும். பகலில் கிடைத்ததை இரவுக்குச் சேமிக்கும் மின்கலங்களுக்கு லித்தியம் வேண்டும். சிலவகை மின்கலங்களுக்குக் கோபால்ட்டும் வேண்டும். உலகில் எடுக்கப்படும் கோபால்ட்டில் பத்தில் ஏழு பங்கு ஆப்பிரிக்காவின் காங்கோ ஜனநாயகக் குடியரசிலிருந்து வருகிறது. அது தூய்மையாக்கப்பட்டு விலை ஏறுவதோ பெரும்பாலும் சீனாவில். காங்கோவின் கொல்வேஜி வட்டாரத்தில், பெருநிறுவனங்களின் சுரங்கங்களுக்கு அருகிலேயே, கைக்கருவிகளோடு குழிக்குள் இறங்கும் ஏழைகள் ஏராளம். அவர்களோடு சிறுவரும் உழைத்ததை மனித உரிமை அமைப்புகள் ஆவணமாக்கியுள்ளன. ஆப்பிரிக்காக் கண்டத்தில் ஏறத்தாழ 60 கோடி மக்கள் வீட்டில் மின்விளக்கு இல்லாதவர்கள் என்பதையும் இதனோடு சேர்த்து எண்ண வேண்டும். உலகின் விளக்குகளுக்கான பொருள் எவர் காலடியில் கிடக்கிறதோ, அவரே இருளில் இருக்கிறார்.

இது புதிய கொடுமையன்று. மதுரைச் சுல்தான்களின் காலத்தில் நம் தமிழகத்துக்கு வந்து சென்ற இப்னு பதூதா, பிற்காலத்தில், 1352இல், சஹாராப் பாலையைக் கடந்து மாலி நாட்டுக்குப் பயணமானார். வழியில் தகாஸா என்னும் உப்புச் சுரங்க ஊரைக் கண்டார். வீடும் பள்ளிவாசலும் உப்புப் பாளங்களால் கட்டப்பட்டு, ஒட்டகத் தோலால் கூரை வேயப்பட்டிருந்தன. மரம் இல்லை; நல்ல நீர் இல்லை. உப்பை வெட்டியவர்கள் அடிமைகள். அவர்கள் தின்ற பேரீச்சம்பழமும் தானியமும் வெளியூர்களிலிருந்து வந்தாக வேண்டும். அவர்கள் வெட்டிய உப்போ தெற்கே சென்று பொன்னுக்கு விலையாயிற்று. பள்ளிவாசல் இருந்தது, அதில் தொழுகையும் நடந்திருக்கும். வாணிகரும் பெரும்பாலும் கலிமாச் சொன்னவர்களே. இருந்தும், வெட்டியவனின் நிலை அதுவாகத்தான் இருந்தது. பிறரைச் சுட்டிக்காட்டுவதற்கு முன் இதை நாம் மறக்கலாகாது.

இப்போது வினா நம் வாசலுக்கே வந்துவிட்டது. 2025இல் ஆப்பிரிக்காவின் ஜாம்பியா நாடு, 9,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் செம்பும் கோபால்ட்டும் தேடிப்பார்க்க இந்தியாவுக்கு இடமளித்தது. அப்பணியை ஏற்றிருப்பது இந்திய நிலவியல் ஆய்வுத் துறை. 1940களில் நெய்வேலி மண்ணைத் துளையிட்டு ஆராய்ந்த அதே துறை. நேற்று நம் மண்ணுக்கு ஆங்கிலேயரும் ஜெர்மானியரும் ரஷ்யரும் வந்தார்கள். இன்று நாம் இன்னொருவர் மண்ணுக்குச் செல்கிறோம். கொடுக்கும் ஊராக இருந்து நாம் அறிந்துகொண்டவற்றை, எடுக்கும் நாடாகும்போது நினைவில் வைத்திருப்போமா? நெய்வேலியில் வாழ்பவர் கேட்டாக வேண்டிய கேள்வி இது.

அதே ஜாம்பியாவில் கப்வே என்றோர் ஊர் உண்டு. ஆங்கிலேயர் ஆட்சியில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கு ஈயமும் துத்தநாகமும் எடுக்கத் தொடங்கினர். 1994இல் சுரங்கம் மூடப்பட்டது. எடுத்தவர் போய்விட்டனர், ஈயத்தூசி போகவில்லை. முப்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அங்குள்ள குழந்தைகளின் குருதியில் ஈயம் கலந்திருக்கிறது. அந்தப் பிள்ளைகள் பிறக்கும் முன்பே அந்தச் சுரங்கத்தின் இலாபம் செலவாகித் தீர்ந்துவிட்டது. தென்னாப்பிரிக்காவில் கோமாட்டி என்னும் நிலக்கரி மின்நிலையம், நம் முதல் நிலையத்துக்கு ஓராண்டு மூத்தது, 2022 அக்டோபரில் மூடப்பட்டது. உலக வங்கியின் பணம் அங்கு வந்தது. சூரியமின் திட்டங்களும் பயிற்சிகளும் அறிவிக்கப்பட்டன. மூடுமுன்பே மாற்றுப் பிழைப்பு உருவாகவில்லையே என்பது அவ்வூராரின் குறை. பணக்கார நாடுகள் சில 2021இல் தென்னாப்பிரிக்காவின் மாற்றத்துக்கு 850 கோடி டாலர் திரட்டித் தருவதாகக் கூறின. அவற்றுள் அமெரிக்கா 2025இல் விலகிக்கொண்டது. கொடுத்த வாக்கு எத்தகைய பாரமுடையது என்பதை வாக்கு மீறுதலை நயவஞ்சகத்தின் அடையாளமாக ஓதிவரும் நாம் அறிவோம்.

இவ்விடத்தில், தவ்பாவைப் பற்றி நம் அறிஞர்கள் வகுத்த இலக்கணம் எனக்கு வழிகாட்டுகிறது. பாவத்தை விட்டுவிடுதல், அதற்காக வருந்துதல், இனிச் செய்வதில்லை என உறுதி கொள்ளுதல் ஆகிய மூன்றும் தவ்பாவின் நிபந்தனைகள் என்று இமாம் நவவி (ரஹ்) போன்றோர் கூறுவர். அப்பாவம் இன்னொரு மனிதனின் உரிமையைப் பற்றியதாயின், நான்காவதாக ஒன்றைச் சேர்ப்பர்: உரிமையை உரியவரிடம் ஒப்படைக்க வேண்டும், அல்லது அவரது மன்னிப்பைப் பெற வேண்டும். அல்லாஹ்வின் உரிமையில் செய்த குறையை அவன் நாடினால் மன்னிப்பான். அடியானின் உரிமையை அடியான்தான் மன்னிக்க முடியும்.

நிலக்கரி எடுத்தது பாவம் என்று நான் கூறவில்லை. வறிய நாட்டுக்கு ஒளி தேவைப்பட்டது. கைக்கெட்டிய பொருளை எடுத்தார்கள். ஆயினும் கரியின் புகை காற்றையும் காலநிலையையும் கெடுக்கிறது என்று அறிந்தபின் உலகம் அதனின்றும் விலக முயல்வது ஒரு வகைத் தவ்பாவே. விட்டுவிடுதல் மெல்ல நடைபெறுகிறது. வருத்தம் மாநாட்டு மேடைகளில் கேட்கிறது. உறுதிமொழிகளுக்கும் ஆண்டுகள் குறிக்கப்பட்டுவிட்டன. நான்காவது நிபந்தனை என்னவாயிற்று? வீட்டையும் கிணற்றையும் மூதாதையரின் அடக்கவிடத்தையும் விட்டுப் பெயர்ந்தவன், 2020 ஜூலை 1 அன்று இரண்டாம் அனல்மின் நிலையத்துக் கொதிகலன் வெடிப்பில் மாண்ட தொழிலாளியின் குடும்பம், கப்வேயின் குழந்தை ஆகியோருக்குரியது அவர்களிடம் சேராதவரை, எரிபொருளை மாற்றுவது கடனாளி தன் வீட்டை மாற்றிக்கொள்வது போன்றதே. புது வீட்டுக் கதவைக் கடன் கொடுத்தவன் தட்டமாட்டான் என்பதால் கடன் இல்லை என்றாகிவிடாது.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. சில வழிகள் சட்டத்திலேயே இடம்பெற்றுவிட்டன. நிலக்கரிச் சுரங்கங்களை மூடும்போது நிலத்தைச் சீர்செய்வதற்கான பணத்தை, சுரங்கம் இயங்கும்போதே தனிக் கணக்கில் போட்டுவைக்க வேண்டும் என்று நம் நாட்டில் 2009இல் நெறி வகுக்கப்பட்டது. பிக்ஹில் இதற்கு நிகரானது 'ரஹ்ன்' என்னும் ஈடு. கடன் வாங்கும்போதே அதைத் திருப்புவதற்கான பிணையை வைத்துவிடுதல். 2015இல் வந்த சட்டத் திருத்தம், அரசுக்குச் செலுத்தும் உரிமத்தொகையை அளவாகக் கொண்டு, அதில் குறிப்பிட்ட விழுக்காட்டுக்குச் சமமான தொகையைச் சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட மக்களுக்கெனச் சுரங்க நிறுவனங்கள் தனியே செலுத்த வேண்டும் என்று விதித்து, அதற்காக மாவட்டக் கனிம அறக்கட்டளைகளை ஏற்படுத்தியது. ஜகாத்தை வசூலான ஊரின் ஏழைகளுக்கே முதலில் கொடுக்க வேண்டும் என்னும் நம் விதியை இது நினைவூட்டுகிறது. நம் கிதாபில் உருகாத கல்லுக்கு ஐந்திலொன்று இல்லை என்று ஓதினோமே, அந்த இடத்தை நாட்டின் சட்டம் வேறு வழியில் நிரப்ப முயன்றிருக்கிறது. அப்பணம் சென்றடைய வேண்டியவரைச் சென்றடைகிறதா என்று கேட்பது ஊராரின் கடமை. கேட்பதற்கு நமக்குக் கிராமசபை இருக்கிறது.

உலக அளவிலும் சிந்தனை பிறந்துள்ளது. ஐக்கிய நாடுகள் பொதுச் செயலாளர் 2024இல் அமைத்த குழு, தென்னாப்பிரிக்கரும் ஐரோப்பியரும் இணைத்தலைமை ஏற்க, ஆற்றல் மாற்றத்துக்கான கனிமங்களைப் பற்றி ஆராய்ந்து, மனித உரிமையே நடுநாயகமாக இருக்க வேண்டும், கனிமம் உள்ள நாடே அதைப் பொருளாக்கிப் பயன்பெற வேண்டும் என்று கூறியது. கைவிடப்பட்ட பழைய சுரங்கங்களின் கேட்டைத் துடைப்பதற்கென உலக நிதி ஒன்று வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. இப்பரிந்துரைகள் எவரையும் கட்டுப்படுத்தும் சட்டமல்ல. ஆனால் 1950களில் நெய்வேலிக்கு வந்த ஒத்துழைப்பில் எது இல்லாதிருந்ததோ, அது இப்போது எழுத்திலாவது வந்துவிட்டது. ஜாம்பியாவுக்குச் செல்லும் நம் அறிஞர்கள் துளைக்கருவிகளோடு இவ்வெழுத்தையும் எடுத்துச்செல்லட்டும். முதல் குழி தோண்டுமுன் அவ்வூராரின் இசைவு, நீருக்குப் பொறுப்பு, மூடும் நாளுக்கான பணம் ஆகிய மூன்றையும் நாம் முன்வந்து எழுதிக்கொடுத்தால், கொடுத்த ஊரின் வேதனை அறிந்தவன் எடுக்கச் சென்றான் என்று வரலாறு நம்மைப் பற்றி எழுதும்.

எல்லாம் அரசுகளும் நிறுவனங்களும் செய்ய வேண்டியவை என்று நாம் ஒதுங்கிவிடவும் கூடாது. ஓடும் ஆற்றங்கரையில் ஒளூச் செய்தாலும் நீரை வீணாக்கலாகாது என்று கற்றுக்கொடுத்த மார்க்கம் நம்முடையது. அந்த மார்க்கத்தின் பெயரால் நடக்கும் விழா இரவுகளில் தெருவெங்கும் விடியும்வரை வண்ணச்சர விளக்குகளை எரிய விடுகிறோம். திருமண மண்டபங்களில் ஆளில்லாத அறைகளில் குளிரூட்டும் எந்திரம் ஓடுகிறது. மீட்டர் ஓடுகிறது, பணம் கட்டுகிறோம் என்கிறோம். பணம் நாம் கட்டியதுதான். அந்த மின்சாரத்தில் கலந்திருக்கும் பிறர் பங்கை நாம் வாங்கவில்லை.

சில நாள் கழித்து அம்மாணவரிடம் இவற்றை என்னால் இயன்ற அளவு எளிமையாகச் சொன்னேன். "கடன்பட்டவர் யார் என்று கேட்டீர்கள். எடுத்தவர் முதற் கடன்காரர். விற்று இலாபம் பெற்றவர் அடுத்தவர். வெளிச்சத்தில் ஓதும் நாமும் அந்த வரிசையில் இருக்கிறோம். நம் பங்கு சிறியது, ஆனால் இல்லாததன்று. விளக்கை மாற்றினாலும் அது நம் பெயரிலேயே இருக்கும்" என்றேன். அவர் தலையசைத்தார். பிறகு, "அந்தப் பங்கை எப்படி அடைப்பது, ஹஜ்ரத்?" என்று கேட்டார். "தெரிந்தவரை வீணாக்காமல் இருப்பதும், தெரிந்ததை மறைக்காமல் பேசுவதும் உங்களாலும் என்னாலும் ஆகும். மற்றவற்றைச் செய்யும் இடத்துக்கு நாளை நீங்கள் வரக்கூடும், அன்று இந்தக் கேள்வியை மறந்துவிடாதீர்கள்" என்று சொல்லி, விட்ட இடத்திலிருந்து பாடத்தைத் தொடர்ந்தோம்.

பிறர் உரிமை நம் கழுத்தில் இருக்கும் நிலையில் நம்மை அழைத்துக்கொள்ளாமல், அதை இவ்வுலகிலேயே தீர்த்துவிட்டு வரும் வலிமையை வல்ல நாயன் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.